ராங்கி என்று சொன்ன பெட்டி

என் தங்கை வஹிதாவுக்கு ஒன்பது வயது முடிவதற்குள் ராங்கிக்காரி என்ற பெயர் வந்துவிட்டது. தருமபுரியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பெரியவர்கள் எதிரில் வந்தால் சலாம் சொல்ல மாட்டாள். யாராவது பார்த்துச் சிரித்தால் திருப்பிச் சிரிக்க மாட்டாள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினால், ஆளைப் பார்த்தபடியே போய்விடுவாள். கிட்டத்தில் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திடுக்கிட்டு நின்று, "ஓ, நீங்களா?" என்பாள். அந்த "நீங்களா" கேட்டவர்களுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

பெயரை வைத்தவர் எதிர் வீட்டுச் சாலம்மாள். இரண்டு மாடு வைத்துத் தெருவுக்கே பால் ஊற்றியவர். மனசு நல்ல மனசு, நாக்குதான் கொஞ்சம் நீளம். ஒருநாள் காலை செம்பில் பாலை ஊற்றிக்கொண்டே எங்கள் அம்மாவிடம் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா ரகமத்து, ஒம்புள்ள என்னா கலெக்டரு வூட்டுப் பொண்ணா? நேத்து ரேசன் கடைகிட்ட நின்னு இந்தப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறன். பாத்துக்கிட்டே போவுது! நான் என்னா, கரண்டு கம்பமா?"

அம்மா, ரஹமத் பீவி, யாரோடும் சண்டைக்குப் போகாதவர். "சின்னப் புள்ளதானேக்கா, வெவரம் பத்தல" என்றார்.

"வெவரமெல்லாம் இருக்குது. ராங்கிதான் ஜாஸ்தியா இருக்குது."

நான் ஷகிலா, வஹிதாவின் அக்கா. அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். ஏழாம் வகுப்போடு நின்று, தையல் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அளவில் அரை அங்குலம் பிசகினாலும் ஜாக்கெட் உடம்பில் ஏறாது. ஆகையால் எதையும் அளந்து, தேதி போட்டு எழுதி வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இங்கே நான் சொல்லும் தேதிகள் எல்லாம் அந்த அளவு நோட்டைப் பார்த்து எழுதியவைதான்.

வஹிதா மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருடம் உட்கார்ந்திருந்தாள். கூடப் படித்தவர்களைவிட ஒரு வயது பெரியவள், உயரமும் அதிகம். அதனால் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். 1984 ஜனவரியில், அரைப் பரீட்சைத் தாள் கொடுத்த அன்று, டீச்சர் அம்மாவையும் என்னையும் வரச் சொன்னார்.

"வாயால கேட்டா எல்லாம் சொல்லுதுங்க. பதினாறாம் வாய்ப்பாடு தலகீழாச் சொல்லும். செய்யுள் ஒரு தடவ கேட்டாப் போதும். ஆனா போர்டுல எழுதிப் போட்டு, எழுதுன்னா மட்டும் எழுதாது. ஏன்னு கேட்டா தரையப் பாக்குது. அடிச்சும் பாத்துட்டன். இது ராங்கிங்க, வேற ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னோம். அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. பெயர் அப்துல் சுபான், பழைய சாமான் வியாபாரி. அவருக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு தங்கை, எங்களுக்குக் குப்பி. கைக்குழந்தையோடு சேர்த்துக் குப்பிக்கு நான்கு பிள்ளைகள். ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

"முழுப் பரீட்சையும் இப்பிடியே ஆச்சுன்னா, மே மாசம் வஹிதாவ அங்க அனுப்பிடலாம். படிப்பு வரலைன்னா கைவேலையாச்சும் வரட்டும்" என்றார் அத்தா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னால் மறுநாள் மாறிவிடுவார். மெதுவாகச் சொன்னால் மாற மாட்டார்.

அன்று சாயங்காலம் வஹிதா என் மெஷினுக்குப் பக்கத்தில் துணி வெட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். "குப்பி வூட்டுக்கு ஸ்லேட்டு எடுத்துக்கிட்டுப் போலாமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அத்தா மாதம் இரண்டு தடவை பெங்களூர் போவார். அங்கே ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் கடிகாரம், டார்ச் லைட், ஸ்டவ், டிரான்சிஸ்டர் என்று வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவார். பிப்ரவரி ஐந்தாம் தேதி வந்த மூட்டையில் ஒரு வினோதமான சாமான் இருந்தது. செங்கல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தூக்கிப் பிடிக்க மேலே ஒரு கைப்பிடி. நீளம் பத்து அங்குலம், அகலம் ஏழு. பெட்டி முழுக்க இங்கிலீஷ் எழுத்துப் போட்ட பொத்தான்கள், அவற்றுக்கு மேலே கை அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. கணக்குப் போடும் மிசின் என்று நினைத்து அத்தா வாங்கியிருக்கிறார். எண்ணே இல்லாத கணக்கு மிசினை அன்றுதான் பார்த்தேன்.

"கிருஷ்ணப்பங்கிட்டக் காட்டு. உசுரு இருந்தா கிராக்கி வர்ற வரைக்கும் வூட்டுல கெடக்கட்டும்" என்றார்.

கிருஷ்ணப்பன் அண்ணன் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்பவர். பெட்டியின் முதுகைத் திறந்து, பச்சை பூத்திருந்த கம்பிகளைச் சுரண்டி, நான்கு பேட்டரிகளைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டி மணி அடித்தது. கறுப்புக் கண்ணாடியில் பச்சை வெளிச்சம் ஓடியது. பிறகு ஓர் ஆம்பிளைக் குரல், மூக்கடைத்தவர் பேசுவதுபோல, ஏதோ இங்கிலீஷில் சொன்னது. வஹிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத புள்ள. உள்ள ஆளு கீளு இல்ல" என்றார் கிருஷ்ணப்பன் அண்ணன். "இது வெளிநாட்டுல புள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுக்கற பொம்ம. அது ஒரு வார்த்த சொல்லும். நீ ஒவ்வொரு எழுத்தா அமுக்கணும். சரியா இருந்தா ரைட்டுங்கும், தப்பா இருந்தா ராங்குங்கும். அடிக்காது, கிள்ளாது. எங்க வாத்தியாருக்குப் பதிலா இது இருந்திருந்தா நான் இந்நேரம் இஞ்சினியரு."

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வஹிதா சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையை அதன் மேல் கவிழ்த்துக்கொண்டாள். மூக்கு கண்ணாடியில் முட்டும்போல இருக்கும். அரிசியில் கல் பொறுக்கும்போதும் அவள் அப்படித்தான், முறத்துக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொள்வாள். "மோந்தா பாக்கற?" என்று அம்மா கேட்பது வழக்கம். அதுவும் அவள் சேட்டைகளில் ஒன்று என்று விட்டுவிட்டோம்.

அவளுக்கு ஏ பி சி டி வாயால் சொல்லத் தெரியும், எழுத்தை அடையாளம் தெரியாது. பொத்தானை அழுத்தினால் பெட்டி அந்த எழுத்தின் பெயரைச் சொன்னது. அப்படியே ஒன்றொன்றாக அழுத்தி, கேட்டு, கிட்டத்தில் பார்த்து, நான்கே நாளில் இருபத்தாறையும் பிடித்துவிட்டாள். கடைசி எழுத்தில் மட்டும் தகராறு. நாம் இஸட் என்போம். பெட்டி அதை ஸீ என்றது. "மூணாவது எழுத்தும் சீ, கடைசி எழுத்தும் ஸீயா? யாரு சரி, டீச்சரா பெட்டியா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் இஸட், வீட்டில் ஸீ என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

வார்த்தைகளுக்கு வந்தபோதுதான் வீட்டில் கலவரம். முதல் வார்த்தையிலேயே வஹிதா ஓர் எழுத்தை மாற்றி அழுத்திவிட்டாள். பெட்டி, "ராங். ட்ரை அகெய்ன்" என்றது. மறுபடி தப்பு. மறுபடி "ராங்." அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"யாருடி அது எம்புள்ளய ராங்கிங்கறது?"

"பெட்டிம்மா" என்றேன்.

"இதுக்குமா தெரிஞ்சு போச்சு? வூட்டுக்குள்ள வந்து முழுசா ஒரு வாரம் ஆவல! அந்தச் சாலம்மாக்கா சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ராங்கி இல்லம்மா, ராங். தப்புன்னு அர்த்தம். திரும்பவும் போட்டுப் பாருன்னு சொல்லுது."

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும். பொம்பளப் புள்ளயப் போய் ராங்கிங்கறதா? ஊருதான் சொல்லுதுன்னா, காசு குடுத்து வாங்கியாந்த பொட்டியுமா சொல்லணும்?"

வஹிதா மூன்றாம் தடவை சரியாக அழுத்தினாள். "ரைட்" என்றது பெட்டி. அவள் முகம் மலர்ந்து போயிற்று. "போலாம்னு சொல்லுதுக்கா! கண்டக்டரு ரைட்டுன்னா பஸ்ஸு போவுதில்ல? அடுத்த வார்த்தைக்குப் போலாமாம்!"

அவள் புரிந்துகொண்டதில் தப்பில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டிதான். அவள் சரியாகச் சொன்ன வார்த்தைகளை நான் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். மார்ச் பத்தாம் தேதிவரை நூற்று நாற்பத்தாறு வார்த்தைகள். பெட்டியில் இன்னொரு விதமான ஆட்டமும் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடியில் ஒரு வார்த்தை பச்சையாகத் தோன்றும். பெட்டி வாயைத் திறக்காது. நாம் படித்துச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் சொல்லும், நாம் சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். அதிலும் வஹிதா பெட்டியை முந்திக்கொள்வாள்.

ஒருநாள் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, இங்க ஒரு பேரு கீறியிருக்குது" என்றாள். ஆணியால் கீறிய எழுத்துகள். மாதக்கணக்கில் அழுக்கேறியிருந்தன. மூக்கை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "என், ஓ, ஆர், ஏ. நோரா." பெட்டி சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே படித்த முதல் வார்த்தை அது.

"நூராவா? அப்பிடின்னா நம்ம சனந்தான்" என்றார் அம்மா. அன்றிலிருந்து பெட்டியின் மேல் இருந்த கோபம் அவருக்குக் கொஞ்சம் தணிந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் எதுவும் மாறவில்லை. மார்ச் மாதத் தேர்விலும் தாள் வெறும் தாளாகவே வந்தது. வீட்டில் இங்கிலீஷ் வார்த்தையை முந்திக்கொண்டு படிக்கிறவள், பள்ளிக்கூடத்தில் தமிழில் இரண்டு வரி எழுத மாட்டேன் என்கிறாள். எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இது உண்மையிலேயே ராங்கிதானோ? அப்படி நினைத்ததற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

மார்ச் பதினைந்தாம் தேதி பேட்டரி தீர்ந்துவிட்டது. பொம்மைக்குப் போட்டு மாளாது என்று கிருஷ்ணப்பன் அண்ணன் கரண்டில் ஓட ஓர் எலிமினேட்டர் செய்து கொடுத்தார். வயர் இரண்டடிதான். எங்கள் வீட்டில் பிளக் இருந்தது ரேடியோ வைத்திருந்த பலகைக்குப் பக்கத்தில், என் தோள் உயரத்தில். ஆகவே பெட்டி பலகையில் ஏறிக்கொண்டது. ஸ்டூல் போட்டு ஏறி அதைத் தொடக்கூடாது, ஷாக் அடிக்கும் என்று அம்மா வஹிதாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வஹிதா கீழே தள்ளி நின்று சொல்ல வேண்டும், நான் மேலே பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

பெட்டி வார்த்தையைச் சொன்னால், வஹிதா கீழே நின்று எழுத்துக் கூட்டிச் சொல்வாள். நான் அழுத்துவேன். ரைட், ரைட், ரைட். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு படித்துச் சொல்லும் ஆட்டத்துக்கு மாற்றினேன். கண்ணாடியில் வார்த்தை வந்தது. போன வாரம் மடியில் வைத்து அவள் படித்த அதே வார்த்தை.

வஹிதா பேசாமல் நின்றாள்.

"சொல்லு புள்ள."

தரையைப் பார்த்தாள். டீச்சர் சொன்னது சட்டென்று எனக்கு நினைவு வந்தது. "ஏன்னு கேட்டா தரையப் பாக்குது."

காதால் கேட்டால் சரி. மடியில் வைத்தால் சரி. தூரத்தில் வைத்தால் இல்லை. ஒரே ஜாக்கெட் ஒரு பக்கம் பொருந்தி இன்னொரு பக்கம் பொருந்தவில்லை என்றால், தப்பு துணியில் இல்லை, அளவில்தான் இருக்கும். என் கழுத்தில் எப்போதும் இன்ச் டேப் தொங்கும். ஸ்டூலைப் போட்டு, வஹிதாவை அதன் மேல் ஏற்றி, நானே பிடித்துக்கொண்டேன். அவள் மூக்கு நுனியிலிருந்து கறுப்புக் கண்ணாடிவரை டேப்பை வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு புது வார்த்தையைப் போட்டேன். அன்று தேதி மார்ச் பதினெட்டு. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

5 அங்குலம்: எல்லாம் படித்தாள்.
8 அங்குலம்: கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.
12 அங்குலம்: இரண்டு எழுத்து தப்பு.
ஒரு கெஜம்: எழுத்து சொல்லவில்லை.

ஒரு கெஜத்தில், "என்னா தெரியுது?" என்று கேட்டேன்.

"பச்சையா இருக்குதுக்கா."

"எழுத்து?"

"பச்சையாத்தான் இருக்குது."

அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரே சாலம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அங்க யாரு நிக்கறாங்க?"

"யாரோ நிக்கறாங்க."

"யாருன்னு சொல்லு."

"பேசுனாத்தானேக்கா தெரியும்?" என்றாள் வஹிதா. பிறகு என் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் பயந்துபோய், "எல்லாருக்கும் அப்பிடித்தானே?" என்றாள்.

எல்லாருக்கும் அப்படித்தான் என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவர்கள் எப்படியோ கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கிறார்கள், தனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று நினைத்திருக்கிறாள். தெருவாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். "என்னாடி அக்காளும் தங்கச்சியும் கொஞ்சறீங்க?" என்று எதிரிலிருந்து குரல் வந்ததும், வஹிதா, "சாலம்மாத்த!" என்றாள். பேசினால்தான் தெரியும் என்றாளே, அது உண்மைதான்.

அத்தாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். மூட்டையிலிருந்து ஒரு பழைய கடிகாரத்தை எடுத்து, சந்தையில் கிராக்கிக்குக் காட்டுவதுபோல உயர்த்திப் பிடித்தார். "மணி என்னாம்மா?" வஹிதா சொல்லவில்லை. ஓர் அடி முன்னே வந்தார். இன்னோர் அடி. கடிகாரம் அவள் முகத்துக்கு நேரே வந்தபிறகு, "நாலே காலுங்க அத்தா" என்றாள். அத்தா கடிகாரத்தைக் கீழே வைத்தார்.

"பேட்டரி போடாத ரேடியோவக் கெட்டுப்போச்சுன்னு எத்தனயோ பேரு எங்கிட்ட வித்திருக்காங்க. நான் அதப் பாத்துச் சிரிப்பேன்" என்றார்.

அம்மாவுக்குத்தான் கவலை. "பொம்பளப் புள்ளைக்கிக் கண்ணாடி போட்டா நாளைக்கி யாருங்க கட்டுவா?"

"ராங்கிக்காரின்னா மட்டும் க்யூவுல நிக்கப் போறாங்களா?" என்றார் அத்தா.

ஏப்ரல் எட்டாம் தேதி ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் போட்டிருந்தார்கள். புரை விழுந்த வயசானவர்களுக்கான முகாம் அது. "கொழந்தைங்களுக்கு இல்லீங்க" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். நான் அளவு நோட்டை உள்ளே கொடுத்தனுப்பினேன். வேறு வழி தெரியவில்லை. கால் மணி நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார்.

"இது என்னம்மா, தோள் பதினாலு, இடுப்பு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு? இந்தப் பொண்ணுக்கா?"

எனக்குக் காது சிவந்துவிட்டது. "அது எதிர்ப்பக்கங்க சார். எங்க பால்காரம்மா ஜாக்கெட்டு. தங்கச்சியோடது இந்தப் பக்கம்."

டாக்டர் சிரித்தார். பிறகு சரியான பக்கத்தைப் படித்தார். சிரிப்பு நின்றது. "யாரு அளந்தது?"

"நான்தாங்க."

"எத வெச்சு?"

கழுத்தில் இருந்த டேப்பைக் காட்டினேன். அவர் வஹிதாவை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். சீட்டை எழுதிக் கையில் கொடுக்கும்போது, "நீ அளந்தது சரியாத்தான் இருக்குது. பரீட்சைக்கு முன்னால போட்டுடுங்க" என்றார். அந்த டாக்டரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். என் நோட்டில் இல்லாத ஒரே விவரம் அது.

கண்ணாடியைச் சேலத்தில் செய்யக் கொடுத்து, ஏப்ரல் பதினாறாம் தேதி அத்தாவும் நானும் வஹிதாவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கினோம். கடையில் போட்டுவிட்டதும் அவள் ஒன்றுமே பேசவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும் பேசவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடிக் காம்புகளைப் பிடித்தபடியே வந்தாள். எனக்குள் பயம் வந்துவிட்டது.

தொப்பூர் மேட்டில் வழக்கம்போல லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்கள் பஸ்ஸும் நின்றது. அடுத்த வரிசையில் ஒரு லாரியின் முதுகு, எங்கள் ஜன்னலிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில். மஞ்சளும் சிவப்புமாக எழுத்துகள். வஹிதா முன்னால் சாய்ந்தாள்.

"ஹெச், ஓ, ஆர், என்" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "பி, எல், ஈ, ஏ, எஸ், ஈ. அத்தா, ப்ளீஸ்! பெட்டியில வருமே, அந்த ப்ளீஸ்! இங்க எழுதியிருக்குது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் முன்னால் நின்ற லாரி நகர, பின்படியிலிருந்து கண்டக்டர், "ரைட்! ரைட்!" என்று குரல் கொடுத்தார்.

வஹிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரைட்டாம்க்கா!"

அத்தா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். தருமபுரி வந்து சேரும்வரை மைல் கல், டீக்கடைப் பலகை, சுவர் விளம்பரம் ஒன்றையும் அவள் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று இண்டூர், ஏரியூர், பென்னாகரம் என்று எல்லாப் பஸ்ஸின் பலகையையும் படித்து முடித்தபிறகுதான் வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு ஒரு வாரம் தெருவில் யாரும் நடமாட முடியவில்லை. முகம் தெரிந்த தூரத்திலிருந்தே சலாம். வணக்கம் சொல்ல வேண்டியவர்களுக்கு வணக்கம். வழிதெரியாமல் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்ட ஒரு ஜவுளி வியாபாரிக்குக்கூட சலாம். நாலாம் நாள் சாலம்மாள் பால் செம்போடு வந்து, "போதும்மா தாயி. காலையிலருந்து ஏழு தடவ வணக்கம் வெச்சிட்ட. திருப்பிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிக்குது" என்றார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "கண்ணு தெரியாத புள்ளயப் போயி... எந்நாக்க அறுக்கணும் ரகமத்து" என்றார். அன்று ஊற்றிய பாலுக்கு மேல் ஒரு செம்பு அதிகமாக ஊற்றிவிட்டுப் போனார்.

முழுப் பரீட்சை ஏப்ரல் இருபத்து மூன்றில் தொடங்கியது. மூன்றாம் வகுப்புக்கு அச்சடித்த கேள்வித் தாள் கிடையாது. கேள்விகளைக் கரும்பலகையில்தான் எழுதிப் போடுவார்கள். அதைக் கேட்டபோதுதான், இரண்டு வருடம் அவள் எழுதாமல் வந்த தாள்களின் கதை எனக்கு முழுசாகப் புரிந்தது. கேள்வியே தெரியாதவள் பதிலை எங்கே எழுதுவாள்?

ஆனால் ஒரு வாரக் கண்ணாடி போதுமா? இரண்டு வருடப் பாடம் பாக்கி. குப்பியிடமிருந்து மறுபடி கடிதம் வந்திருந்தது. மே முதல் வாரம் ஆளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அத்தா அதற்குப் பதில் எழுதாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். தேறாவிட்டால் என்ன செய்வார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மே பதினொன்றாம் தேதி தேறியவர்கள் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். நானும் வஹிதாவும் போனோம். சுவரைச் சுற்றி ஒரே கூட்டம், உள்ளே நுழைய இடமில்லை. எட்டிப் பார்த்தேன். பெயர்கள் இருப்பது தெரிந்தது, ஆனால் வெயில் தாளில் பட்டுக் கூசியது. வரிசையை மேலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

"கீழேருந்து அஞ்சாவதுக்கா" என்றாள் வஹிதா. "எம்பேரு."

"எங்க?"

"அதோ. டீச்சரு 'ஹி'ய மட்டும் கோணலா எழுதியிருக்காங்க."

கூட்டம் விலகும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. விலகியதும் பார்த்தேன். கீழிருந்து ஐந்தாவது. 'ஹி' கோணல்தான். டீச்சர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வஹிதா அங்கிருந்தே, "வணக்கம் டீச்சர்!" என்றாள். அவர் வந்து அவள் தலையில் கை வைத்து, "ராங்கின்னு சொன்னது எந்தப்பும்மா" என்றார். எல்லோரும் கேட்கச் சொன்னார். அவ்வளவு பெரிய மனசு எல்லோருக்கும் வராது.

நான் வஹிதாவை, அவள் படித்த இடத்திலேயே நிற்கச் சொன்னேன். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, அவள் மூக்கு நுனியிலிருந்து சுவர்வரை இரண்டு மூன்று தடவை மடக்கி மடக்கி அளந்தேன். ஊர் ஜனங்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்திலேயே, ஒரு கெஜத்துக்குக் கீழே எழுதினேன்: "11 அடி 4 அங்குலம்: எல்லாம் படித்தாள்."

அன்று மாலை அத்தா குப்பிக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினார். "வஹிதாவுக்கு ஜூனில் நாலாம் வகுப்பு திறக்கிறது. ஆகையால் மன்னிக்கவும்." தபால் பெட்டியில் போட வஹிதாதான் கொண்டுபோனாள். போகிற வழியில் விலாசத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு அவள் எந்த வகுப்பிலும் இரண்டு வருடம் உட்காரவில்லை. எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பத்தாம் வகுப்பு தேறியவள் அவள்தான். கண்ணாடியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள நல்ல மாப்பிள்ளையும் கிடைத்தார். இப்போது இண்டூரில் தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். யாருக்கும் பிடிபடாத கையெழுத்தெல்லாம் அவளிடம்தான் வரும். படி ஏறி வருகிறவர்களை அவர்கள் தெருவில் வரும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

பெட்டியை அத்தா கடைசிவரை விற்கவில்லை. ஓசூரிலிருந்து ஒருவர் தேடி வந்து கேட்டபோது, "அது சாமான் இல்லீங்க, வூட்டு ஆளு" என்று அனுப்பிவிட்டார். இன்று அதற்குப் பேச்சு நின்றுவிட்டது. அலமாரியில் இருக்கிறது.

கிருஷ்ணப்பன் அண்ணனுக்கும், சாலம்மாளுக்கும், டீச்சருக்கும் நன்றியை நேரில் சொல்லிவிட்டோம். பெயர் தெரியாத டாக்டருக்குத் தொழுகையில் துஆ செய்கிறோம். மிச்சம் இருப்பது ஒருத்திதான். எந்த நாட்டிலோ, எந்த ஊரிலோ, மடியில் அந்தப் பெட்டியை வைத்து எழுத்துக் கூட்டியவள். வளர்ந்தபிறகு அதை உடைக்காமல் கைவிட்டவள். அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வஹிதாவிடம் சொன்னேன்.

"வெலாசம் இல்லாத கடுதாசி போவாதுக்கா" என்றாள், தபால்காரிக்கு உரிய கண்டிப்போடு.

அதனால்தான் இங்கே எழுதினேன். நோரா, உனக்கு எங்கள் சலாம்.